பஸ்ஸில் கடிக்கும் காலைச் சாப்பாடு

1

இந்தக் கிழமை எங்கள் அலுவலகத்தில் ஆரோக்கிய வாரம். வருடம் முழுவதும் எங்களை நாற்காலியோடு ஒட்டிவைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு கிழமை மட்டும் எங்கள் இதயத்தைப் பற்றிக் கவலை வரும். தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சுவரில் படம் ஒட்டுவார்கள். படியேறி வரச் சொல்லி லிப்ட் கதவில் எழுதிவைப்பார்கள். இவையெல்லாம் காசு செலவில்லாத அறிவுரைகள் என்பதால் நானும் பொறுத்துக்கொள்வேன். இந்த முறை வாசலில் ஒரு கூடையும் வைத்திருந்தார்கள். கூடை நிறையக் காலைச் சாப்பாட்டுக் கட்டிகள். 'பார்' என்று இங்கே சொல்வார்கள்.

நிர்வாகப் பகுதியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கூடைக்குப் பக்கத்தில் நின்று, ரயிலில் வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்றும், இதில் ஒன்றைச் சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையிலும் ஒன்றைத் திணித்தாள். உறையின் பின்பக்கத்தை வாசித்தாயா என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கோபமாகத்தான் கேட்டேன். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டு ஆங்கிலத்தை என் யாழ்ப்பாண நாக்கால் பேசிக்கொண்டு இருக்கிறேன், என் கோபம் இன்னும் இவர்களுக்குப் பகிடியாகத்தான் கேட்கிறது. கட்டியைக் கூடைக்குள் திரும்பப் போட்டுவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டி என்னவென்று விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து சூப்பர் மார்க்கெட்டுகளிலும் இப்போது கண்ணாடி போல மினுங்கும் உறைகளில் தொங்குகிறது. என்றாலும் என் வயிற்றெரிச்சல் தீர எழுதத்தான் போகிறேன்.

2

ரொறன்ரோவுக்கு வெளியே, வீட்டு வாடகை கொஞ்சம் மலிவான ஒரு புறநகரில் இருக்கிறேன். மலிவு என்று சொன்னால் ரயிலில் ஒரு மணித்தியாலம் என்று அர்த்தம். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, எனக்கு முதலே கிளம்பிவிடுவாள். மகள் நான் போன பிறகு எழும்புவாள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிட்டது போன நத்தார் பண்டிகைக்கு. அதுவும் மத்தியானம் ஆகிவிட்டது.

ஆகவே ரயிலில் சாப்பிடத் தோதான, உடம்புக்கு நல்ல, மலிவான ஒரு கட்டியைத் தேடுவது என் வாழ்க்கையின் பெரிய ஆராய்ச்சியாக இருந்தது. முதலில் ஓட்ஸைப் பசை போட்டு ஒட்டிய ஒரு சாதி. அதைக் கடித்துத்தான் பல் மருத்துவரின் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அடுத்தது புரதச் சத்து நிறைந்தது என்று சொல்லப்பட்ட சாதி, சைக்கிள் ரியூப்பை மென்ற மாதிரி இருக்கும்; ரயில் இறங்கும்வரை மென்றும் விழுங்க முடியாது. பிறகு பேரீச்சம்பழமும் கொட்டைகளும் கையால் இடித்துச் செய்ததாம், அந்தக் கையின் படமும் உறையில் இருந்தது. ஒரு கட்டியின் விலைக்கு மத்தியானச் சாப்பாடு வாங்கலாம். அந்தக் கைக்கு மோதிரம் வாங்கிக் கொடுக்க எனக்கு வசதியில்லை.

கடைசியில் மொத்த விற்பனைக் கடையில் அகப்பட்டது என் கட்டி. பெரிய பெட்டியாக வாங்கினால் மலிவு. மெத்தென்று இருக்கும், நல்ல ருசி. உறையில் ஒரு பச்சை இலை, ஒரு மலை, மலையில் ஓடி ஏறுகிற ஒருவன். முழுத் தானியம் என்று பெரிதாகவும், உண்மையான தேன் என்று அதைவிடப் பெரிதாகவும் எழுதியிருந்தது. இலையும் தேனும் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று அன்றைக்கே மூன்று பெட்டி வாங்கி வந்து நிலவறையில் அடுக்கினேன்.

மகள் ஒருநாள் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேரும் மற்றவர் பேசுவது விளங்காத மாதிரி நடித்துக் கொண்டு பல வருடங்கள் போய்விட்டன.

"அப்பா, இது கேக்" என்றாள். அவளுக்கு இப்போதும் தமிழில் சரளமாக வருகிற சொல் அந்த 'அப்பா' ஒன்றுதான். "சீனிக்கு நாலு பெயர் போட்டிருக்கிறார்கள். தேன் ஐந்தாவது."

"உனக்கு எல்லாத்திலையும் ஒரு நொட்டை. வாசிச்சுக்கொண்டிருந்தால் சாப்பிட ஏலாது" என்றேன்.

தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் தோளால் பேசுகிற மொழி மட்டும் எனக்கு நன்றாக விளங்கும்.

3

என் தங்கை வசந்தி மருதனார்மடத்தில் இருக்கிறாள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். இருட்டோடு சந்தியில் நின்று பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, ஆனையிறவு தாண்டிப் போய் முதல் மணி அடிப்பதற்குள் கையெழுத்து வைக்கவேண்டும். சீனி வருத்தம் என்னும் நீரிழிவு வந்து பல வருடம். பிறகு இரண்டு கண்ணிலும் வெண்புரை வளர்ந்து, கரும்பலகையில் தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாத நிலைமை. பிள்ளைகளின் கொப்பிகளை மூக்கில் முட்டப் பிடித்துத் திருத்துவாள். இன்னும் கொஞ்சம் மங்கினால் வேலையை விடவேண்டியதுதான். அவளுக்கு அந்த வகுப்பறைதான் உயிர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினாள். மாற்றம் கொடுக்கும் கல்விக் கந்தோரில், கண்ணைக் காட்டி மாற்றம் கேட்பதென்றால் கண் சத்திரசிகிச்சை செய்த டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கண் டொக்டர், சீனி இறங்காமல் கண்ணில் கத்தி வைக்கமாட்டேன் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. சீனி இறங்குவதற்கு நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்றார்கள் கிளினிக்கில். அதிலும் பிழையில்லை. நேரத்துக்குச் சாப்பிட வீட்டுக்குக் கிட்ட வேலை வேண்டும். அதற்குத்தான் மாற்றம் கேட்டாள். இப்படியாக எல்லாரும் சரியாகச் சொல்லிச் சொல்லியே அவளை இரண்டு வருடம் சுற்றவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டாள்.

"அண்ணை, புட்டு அவிச்சுக் கட்டிக்கொண்டு போனாலும் பஸ்ஸுக்குள்ளை கை நீட்ட இடமில்லை. கையிலை பிடிச்சுக் கடிக்கிற மாதிரி ஏதும் அங்கை இருக்கோ?"

"சரியான ஆளிட்டைத்தான் கேட்டிருக்கிறாய்" என்றேன்.

"சீனி வருத்தக்காரர் சாப்பிடலாமோ?"

"உது சத்துச் சாப்பாடு, பிள்ளை. தேனும் தானியமும்தான். இஞ்சை டொக்டர்மாரே ரயிலிலை உதைத்தான் சாப்பிடுறவை. நீ உந்தக் குரக்கன் புட்டைக் கட்டி அழுகிறதை விடு."

எந்த டொக்டரும் அதைச் சாப்பிட்டதை நான் கண்டதில்லை. என்னோடு ரயிலில் வருகிறவர்களில் யார் டொக்டர் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது எங்களுக்கு வேறொரு நாக்கு முளைத்துவிடும். பனியில் பாதை துப்புரவாக்குகிறவனும் அந்த நாக்கு முளைத்ததும் வைத்தியம், வங்கி வட்டி, நாட்டு அரசியல் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லுவான். ஊரில் இருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல, சந்தியில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் சொன்னால் சந்தேகப்படுவார்கள், கனடாவில் இருந்து கதைத்தால் தலையாட்டுவார்கள்.

கப்பலில் போகும் பெட்டியில் சவர்க்காரம், பழைய உடுப்புகளோடு ஐந்து பெட்டிக் கட்டிகளையும் வைத்து அனுப்பினேன்.

4

பெட்டி போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து வசந்தியின் கணவர் தொலைபேசி எடுத்தார். கூட்டுறவுக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானும் குறைந்தால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

"மச்சான், உம்மடை தங்கச்சி களவாச் சாப்பிடுறா. இந்தமுறை சீனி முன்னையிலும் பாக்கக் கூடிப்போச்சு. கண் ஒப்பரேசனை பின்னுக்குத் தள்ளிப்போட்டினம்."

அவர் சீனிப் பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். எங்கள் பக்கத்தில் வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக் குடிப்பது வழக்கம். அது இருக்கும் ஓலைக் குட்டானையும் பூட்டிவிட்டாராம். பூட்டின் திறப்பு அவருடைய இடுப்பில். கலியாண வீடுகளுக்குப் போனால் பக்கத்திலேயே இருந்து அவளுடைய வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். நானும் என் பங்குக்கு வசந்தியை எடுத்துப் பேசினேன். ஐம்பத்தைந்து வயதுப் பொம்பிளை சின்னப் பிள்ளை மாதிரி இனிப்புக்கு ஆசைப்படலாமோ, கண் போனால் பிறகு என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் களவெடுக்கேல்லை அண்ணை" என்றாள். அதற்குப் பிறகு பத்து நாட்கள் என் தொலைபேசியை எடுக்கவில்லை. குற்றவாளிகள் இப்படித்தான் ரோசப்படுவார்கள் என்று நானும் மச்சானும் பேசிக்கொண்டோம்.

5

போன வருடம் இதே காலத்தில் ஊருக்குப் போனேன். கையோடு இன்னும் இரண்டு பெட்டி. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறந்து, இது என்ன என்று கேட்டார். மருந்து மாதிரி ஒரு சாப்பாடு என்று சொன்னேன். அந்த மனிதர் ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, இனிப்பு என்று தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இப்படிப் படிப்பறிவில்லாத ஆளை வாசலில் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

வந்து நாலாம் நாள் வசந்திக்குத் தெல்லிப்பழையில் கிளினிக். மச்சான், வசந்தி, நான் மூன்று பேரும் ஓட்டோவில் போனோம். வழி முழுவதும் மச்சான் அவளைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டு வந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே என்ன தெரிந்ததோ தெரியாது.

டொக்டர் ஒரு சின்னப் பெண். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை.

"ரீச்சர், ஒளிக்காமல் சொல்லுங்கோ. என்ன சாப்பிடுறனீங்கள்?"

"ஒளிக்க என்ன கிடக்கு டொக்டர். மத்தியானம் கொஞ்சச் சோறும் மரக்கறியும். இரவைக்குக் குரக்கன் புட்டு. தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கிறதையும் விட்டிட்டன்."

"காலமை?"

"காலமைச் சாப்பாடே இல்லை. பஸ்ஸிலை, அண்ணை அனுப்பின சத்துச் சாமானைக் கடிப்பன். அவ்வளவுதான்."

அவள் தோள்பையைத் திறந்து, சுத்தமான கைலேஞ்சி ஒன்றில் சுற்றிவைத்திருந்த கட்டியை எடுத்துக் கொடுத்தாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள். டொக்டர் இலையையும் மலையையும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"காலமை ரெண்டு. திரும்பி வரேக்கை ஒண்டு." கொஞ்சம் யோசித்தாள். கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் சொல்லிவிடவேண்டும் என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். "சீனி கூடிக் கிடக்கிற நாளிலை இன்னொண்டு."

டொக்டர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். மச்சானுக்கு அந்தப் பார்வை பாராட்டாகத் தோன்றியது போலும். பின்னால் நின்றபடி சொன்னார்.

"அதிலை மட்டும் நாங்கள் குறைவைக்கிறேல்லை டொக்டர். எல்லாம் பூட்டித்தான் இருக்கு. உதை நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்."

சீனிப் பேணிக்கும் பனங்கட்டிக் குட்டானுக்கும் பக்கத்தில், அதே அலுமாரியில், அதே திறப்பில், என் கட்டிகளும் இருந்திருக்கின்றன. ஒரு பக்கம் பூட்டி, மறு பக்கம் ஊட்டியிருக்கிறார். பஸ்ஸில் ஒரு ரீச்சர் கேட்டதற்கும் வசந்தி கொடுக்கவில்லையாம். மருந்தைப் பங்குபோடக் கூடாது என்று.

"உதை ஆர் சாப்பிடச் சொன்னது?" என்று டொக்டர் கேட்டாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்களோ? நீங்களும் உதைத்தான் சாப்பிடுறனீங்களோ?"

"ஓம். கன வருசமா."

"உங்கடை சீனி எவ்வளவு?"

"பாக்கேல்லை" என்றேன். அவள் இன்னொரு துண்டுச் சீட்டு எடுத்து, என் பெயரைக் கேட்டு எழுதி, இரத்தம் எடுக்கிற இடத்துக்கு அனுப்பினாள். அது எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இருந்தாலும் எழுதப்போவதில்லை.

ஓட்டோவில் திரும்பி வந்தோம். மருதனார்மடச் சந்தியில் சந்தைச் சனம் வழிமறிக்க, வண்டி நின்றது. அப்போது மச்சான் மெதுவாக, "எங்கடை ஒழுங்கை வீடுகளிலையும் நாலு பேருக்கு உதைக் குடுத்தனான், மச்சான்" என்றார். நாலு பேரும் சீனி வருத்தக்காரர். வசந்தி மருந்தைப் பங்குபோடாமல் வைத்திருக்க, இவர் ஊருக்கே வைத்தியம் பார்த்திருக்கிறார். அன்று பின்னேரம் அவர் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்டார். மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் மட்டும் மறுத்துவிட்டார். கனடாவில் இருந்து வந்த சாமானில் பிழை இருக்காது, உள்ளூர் டொக்டர்மாருக்குப் பொறாமை என்றாராம்.

வசந்தியிடம் மச்சான் மன்னிப்புக் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த திறப்பை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தார். எங்கள் ஆண்கள் மன்னிப்புக் கேட்பது அவ்வளவுதான். நான் அதுவும் செய்யவில்லை, என்னிடம் திறப்பு இருக்கவில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றி இரண்டு பேருக்கும் தந்தாள், சீனி போடாமல்.

6

இதை ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் சொல்லிப் புலம்பியபோது, எனக்கு அறிவுரை சொல்லப் பத்துப் பேர் வந்தார்கள். வெள்ளைக்காரன் கட்டியை நம்பினால் இப்படித்தான், எங்கள் முன்னோர் சாப்பாடு இருக்கப் பயமேன் என்றார் ஒருவர். அவர் எள்ளும் பனங்கட்டியும் சேர்த்துக் கட்டி செய்து விற்கிறாராம். உறையில் பனைமரம், அதற்குக் கீழே வேட்டி கட்டிய ஒரு கிழவர். விலை அந்தப் பேரீச்சம்பழக் கையையும் தோற்கடிக்கிறது. பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கள் பாரம்பரியத்தின் பின்பக்கத்தைப் பார்க்கிறீரோ என்று கோபித்துக்கொண்டார். பனங்கட்டிக்கு வேட்டி கட்டிவிட்டால் இரத்தத்துக்குள் போய் அது வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்புகிறார். நான் இலையை நம்பிய மாதிரித்தான்.

நான் இப்போது ரயிலில் அவித்த கௌபிப் பயறு கொண்டுபோகிறேன். இரவே ஊறப்போட்டு அவித்து, உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டுச் சின்னப் பேணி ஒன்றில் அடைத்துக் கரண்டியால் சாப்பிடுகிறேன். மலிவு. பல்லுக்குச் சேதமில்லை. முதல் நாள் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார், இரண்டாம் நாள் பார்க்கவில்லை. இதில் எந்த ஞானமும் இல்லை, சாக்கில் விற்கிற கௌபி. மகள் ஒருநாள் காலையில் சீக்கிரம் எழும்பி வந்து பேணியைப் பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். உப்புக் காணாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அவளோடு அந்தக் கிழமை நடந்த நீண்ட உரையாடல் அதுதான்.

வசந்தியும் கௌபிக்கு மாறிவிட்டாள். பஸ் நெருக்கத்தில் பேணியைத் திறக்க முடியாதென்பதால், முதல் மணிக்கு முன் ஆசிரியர் அறையில் நின்றபடி சாப்பிடுகிறாளாம். நாலைந்து மாதத்தில் சீனி இறங்கியது. முதலில் வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். டொக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாற்றம் கொடுக்கும் கந்தோருக்குப் போனாள். கண் இப்போது நன்றாகிவிட்டதால் மருத்துவக் காரணம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே பஸ்ஸில்தான் இன்னும் போகிறாள்.

அலுவலக வாசலில் கூடையைக் கண்டு நான் எரிச்சலோடு வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அவள் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, மற்றக் கண்ணும் செய்தாச்சு. இண்டைக்குத்தான் கட்டு அவிட்டது."

"எப்பிடித் தெரியுது பிள்ளை?"

"எல்லாம் தெரியுது. கொப்பி எழுத்தும் தெரியுது. அலுமாரிக்குப் பின்னாலை உங்கடை பெட்டி ஒண்டு விழுந்து கிடந்தது. எடுத்து வாசிச்சுப் பாத்தன்."

வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தாள். பெட்டியின் பின்பக்கத்து ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். சோளப் பாகு. அரிசிப் பாகு. கரும்புச் சாறு. சீனி. மகள் எண்ணிச் சொன்ன அதே நாலும். தேன் ஐந்தாவது.

"பொடி எழுத்துத்தான்" என்றாள். "ஆனால் எல்லாம் எழுதித்தான் கிடக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. வீட்டுப் பாடம் செய்யாமல் வந்த மாணவனிடம் காரணம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"எனக்குக் கண் தெரியேல்லை. உங்களுக்கு என்ன நடந்தது, அண்ணை?"